எலுமிச்சம்பழத்துக்கு இந்தப் பக்கம்

தேவஇரக்கம் சார் முப்பத்திரண்டு வருஷம் ராஜபாளையத்துப் பிள்ளைகளுக்கு உராய்வு விசை நடத்தியவர். ஒரு சைக்கிளுக்கு பிரேக் மாட்டுவது அவர் கைக்கு ஆகாத காரியம் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெருவுக்குத் தெரிந்தது.

சைக்கிள் அவர் மனைவி வேதமணியுடையது. தொண்ணூற்று மூன்றில், கப்பலில் வேலை பார்த்த அவள் அண்ணன் கொண்டுவந்து கொடுத்த மவுன்டன் பைக். சிவப்பு நிறம், தடித்த டயர், பதினெட்டு கியர். சுடிதார் போட்டுக்கொண்டு அதில் அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போவதைப் பார்த்துத்தான் தேவஇரக்கம் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். அவள் எதைப் பார்த்துச் சம்மதித்தாள் என்பது இன்றுவரை அவருக்கு விளங்கவில்லை. கேட்கத் தைரியமும் வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வேதமணியின் வலது மணிக்கட்டு முறிந்தது. பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடியது, பிடி கூடவில்லை. அந்தக் கையை நெஞ்சோரமாக, யார் வீட்டுப் பிள்ளையையோ வைத்திருப்பதுபோல ஒதுக்கி வைத்துக்கொள்வாள். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. யாரும் என்றால், அவர்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் மாடிப்படிக்கு அடியில் கிடந்த சைக்கிளைக் காட்டி, "ஏங்க, அதைச் சரி பண்ணித் தாங்க. கிருபாபாய் வீட்டுக்கு ஒரு தடவையாவது நான் ஓட்டிக்கிட்டுப் போகணும்" என்றாள். கிருபாபாய் அவள் தங்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தில் வீடு. பன்னிரண்டு கிலோமீட்டர், லாரி போகிற ரோடு.

துரு எடுத்து, பெயின்ட் அடித்து, செயின் மாற்றி, எல்லாம் ஒரே மாதத்தில் முடிந்தது. பிரேக்குக்கு வந்தவர் ஐந்து மாதமாக அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

பழைய சைக்கிளுக்கு அதன் காலத்து கேன்டிலீவர் பிரேக்தான் மரியாதை என்று யூடியூபில் ஒருவன் சொன்னான். தேடிப் பிடித்து வாங்கினார். வி பிரேக்தான் சொன்ன இடத்தில் நிற்கும் என்றான் இன்னொருவன். அதையும் வாங்கினார். மூன்றாமவன் டிஸ்க் பிரேக்கைப் புகழ்ந்தான். வாங்கி, பெட்டியைப் பிரித்து, சைக்கிளின் மூன்று பக்கமும் சுற்றிப் பார்த்தபோதுதான் அந்த ஃப்ரேமில் டிஸ்க்கை மாட்ட இடமே இல்லை என்பது தெரிந்தது. நாலாவது பக்கமும் ஒரு தடவை பார்த்தார், ஒருவேளை இருக்கலாம் என்று.

கடைசியில் வி பிரேக்கை ஹேண்டில்பாரில் இருந்த பழைய லீவரோடு சேர்த்துக் கட்டினார். பழைய லீவர் அதற்குப் பொருந்தாது. கம்பியைக் கொஞ்சமாக இழுத்துக் கட்டையை முரட்டுத்தனமாக அமுக்கும். தெருவில் ஓட்டிப் பார்த்து, லேசாகத்தான் பிடித்தார். சைக்கிள் நின்றது. சார் நிற்கவில்லை.

"அய்யய்யோ, சாரு படிப்போயாரு!" என்று எதிர்வீட்டு ராஜு அம்மா தெலுங்கில் போட்ட சத்தத்தில், விழுந்ததைப் பார்க்காதவர்களும் வந்து பார்த்தார்கள்.

வேதமணி இடது கையால் முட்டியில் மருந்து போட்டாள்.

"மூணு பிரேக் வாங்கி வச்சிருக்கீங்க. ஒண்ணையும் ஒழுங்கா மாட்ட மாட்டேங்கீங்க. நான் விழுந்துருவேன்னு பயமா?"

"சேச்சே. அந்த உராய்வுக் கெழு இருக்கு பாரு..."

"தேவஇரக்கம்."

முப்பது வருஷத்தில் அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இது மூன்றாவது தடவை. உராய்வுக் கெழு ஓடிப்போனது.

"ஆமா" என்றார். "அன்னைக்கு நீ உள்ள விழுந்து கெடக்க. நான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கேன். பத்து நிமிஷம் நீ கூப்பிட்டது எனக்குக் கேக்கல வேதம்."

அவள் பஞ்சை வைத்துவிட்டு அவர் முட்டியில் ஊதினாள்.

"சரி. இன்னைக்கு விழுந்தது யாரு?"

மறுநாளே வேதமணி தங்கைக்கு போன் போட்டு, அவள் தெருமுனை சைக்கிள் கடைக்காரரிடம் சொல்லச் சொல்லி, லோடு ஆட்டோவும் வரவழைத்துவிட்டாள். சைக்கிளையும் பிரேக் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் போய் இறங்கினார்கள்.

கடைக்காரர் சுயம்புலிங்கம் மூன்று பெட்டியையும் பார்த்தார். தேவஇரக்கம் ஒவ்வொன்றின் நிறை குறைகளையும் கரும்பலகை இல்லாத குறையாக விளக்கினார். சுயம்புலிங்கம் கடைசிவரை கேட்டார்.

"அம்புட்டும் சரி சார். ஓட்டப்போறது யாரு?"

"இவ."

"அப்ப கையைப் பாக்க வேண்டாமா? சிஸ்டரம்மா, என் ரெண்டு வெரலையும் பிடிச்சு நெரிங்க."

வலது கையால் பிடித்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கையைக் காட்டினார். இடது கையால் பிடித்தாள்.

"ஆத்தீ! விடுங்க, விடுங்க, நாளைக்கு நான் ஸ்பேனர் பிடிக்கணும்."

உள்ளே போய் ஒரு லீவரோடு வந்தார். ஒரே கைப்பிடி, அதிலிருந்து இரண்டு கம்பி. "மாற்றுத்திறனாளிகளோட மூணு சக்கர வண்டிக்குப் போடுறது. வி பிரேக்குக்குச் சரியா இழுக்கும். ரெண்டு சக்கரமும் இடது கைக்கே நிக்கும். முன் சக்கரத்தைச் செத்தப் பிந்திப் பிடிக்க வச்சிருதேன், தூக்கி எறியாது."

எந்தச் சொல் வேதமணியின் காதில் விழக்கூடாது என்று தேவஇரக்கம் இரண்டு வருஷம் காபந்து பண்ணினாரோ, அதை இந்த மனுஷன் கிரீஸ் கையோடு எடுத்து நடுக்கடையில் வைத்துவிட்டார். மெதுவாக மனைவியைப் பார்த்தார்.

"அப்ப வலது கைக்கு என்ன வேலை?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள் அவள்.

"மணி அடிங்க."

"அது போதும்."

ஐந்து மாதம் அவர் சைக்கிளையே அளந்திருந்தார். அந்தக் கையை ஒரு தடவை பிடித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

புது வண்டியென்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது ஊர் வழக்கம். சுயம்புலிங்கம் கடையில் அது தலைகீழ். லீவரை மாட்டி முடித்ததும் பழத்தைத் தெருவில் முப்பதடி தள்ளி வைத்தார். "வேகமா வந்து பழத்துக்கு இந்தப் பக்கமே நிப்பாட்டணும். நசுங்குச்சுன்னா வண்டி இங்கேயே கெடக்கும், யாரு வந்து கேட்டாலும் தர மாட்டேன்."

வேதமணி தெருவின் கோடிக்குப் போய்த் திரும்பினாள். தேவஇரக்கம் கண்ணை மூடினார். பழம் நசுங்கட்டும் ஆண்டவரே என்று உள்ளே ஒரு குரல் ஜெபித்தது. தன் குரல்தான் என்று தெரிந்ததும் வெட்கப்பட்டு, விடைத்தாளில் அடித்துத் திருத்துவதுபோல அவசரமாகத் திருத்தினார். அதற்குள் மணிச்சத்தம் கேட்டது. டயர் தேய்ந்தது.

கண்ணைத் திறந்தார். சக்கரத்துக்கும் பழத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடம் இருந்தது. வேதமணி காலை ஊன்றி நின்றாள், மூச்சு வாங்க.

"நல்ல பழம், ஏன் வீணாக்கணும்?" என்று அதை எடுத்து அவர் சட்டைப் பைக்குள் போட்டாள். "தங்கச்சி வீட்டுல சாப்டுட்டு நான் இதுலயே ராஜபாளையத்துக்கு வாரேன். நீங்க அவ ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு முன்னால போயிருங்க."

சாப்பிட்ட பிறகு கிளம்பினார்கள். ஆடிக்காற்று எதிர்த்து அடித்தது. அவர் முன்னால் போகவில்லை. மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் அவள் பின்னாலேயே ஸ்கூட்டரை உருட்டினார். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான். அவர் அசையவில்லை.

சிறிது தூரம் போனதும் வேதமணி வலது கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்தாள். இரண்டு வருஷமாக நெஞ்சோரம் கிடந்த அந்தக் கை முழுசாக நீண்டு, போங்க, முன்னால போங்க என்று சைகை காட்டியது.

அவருக்கு அது நன்றாகவே தெரிந்தது. தெரியாததுபோல, சட்டைப் பையில் பழம் ஆட, பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார்.