காருக்குக் கொடுத்த தண்ணீர்

மூன்றாவது முறையாகக் கார் நின்றபோதுதான் வெர்லினுக்குப் பயம் தட்டியது. முதல் இரண்டு முறையும் எரிச்சல்தான் வந்தது. 1951-ஆம் வருஷத்துக் காரை வைத்துக்கொண்டு எரிச்சலுக்குப் பயந்தால் முடியுமா?

மறுநாள் ஜூலை நான்கு, அமெரிக்கச் சுதந்திர தினம். பாலைவனத்து ஊரான வின்னமக்காவின் ஊர்வலத்தில் இந்தப் பச்சைக் கார் போகவேண்டும். பின்சீட்டில் மாமியார் கிராசியானா உட்கார்ந்து கையசைக்கவேண்டும். அந்த ஊரில் பிறந்தவர்களில் இப்போது உயிரோடிருக்கும் மூத்தவள் அவள்தான். மனைவி டெனிஸ் முந்தின நாளே அங்கே போய்விட்டாள். "அம்மாவுக்கு இதயம் சரியில்ல. பெரிய ரோட்டுலயே வா" என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பெரிய ரோட்டில் லாரிக்காரர்கள் பின்னால் வந்து ஹார்ன் அடிப்பார்கள். அது வெர்லின் ஐயாவின் மானத்துக்குப் பொறுக்காது. பழைய சுரங்கத்துக்குப் போகிற மண் பாதையில் திருப்பிவிட்டான். காலையிலிருந்து எதிரே ஒரு வண்டி வரவில்லை. போனில் சிக்னலும் இல்லை.

வெர்லின் பானெட்டைத் தூக்கினான். பெட்ரோல் பம்பின் அடியில் சின்னக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று உண்டு. அதில் பெட்ரோல் பாதிகூட இல்லை. இருந்ததும் குமிழ் குமிழாய்ப் பொங்கிக்கொண்டிருந்தது.

"அதேதான்!" என்றான். "சூட்டுல பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாயிடுது. பம்ப் ஆவியை இழுத்துட்டுத் திணறுது."

பழைய கார்க்காரர்களிடம் ஒரு குணம் உண்டு. கோளாறு என்ன என்பதைப் பானெட்டைத் திறக்கும் முன்பே முடிவு செய்துவிடுவார்கள். திறப்பதெல்லாம் அதற்குச் சாட்சி தேடத்தான். வெயில் நூற்றுப் பன்னிரண்டு டிகிரி, சாட்சிக்குப் பஞ்சமில்லை. ஊரில் எல்லாரும் செய்வதுபோல மரக் கிளிப்புகளை வரிசையாகப் பெட்ரோல் குழாயில் மாட்டியிருந்தான். அவை சூட்டை இழுத்துக்கொள்ளுமாம்.

"மாப்பிள்ளை, துணி காயப்போடற கிளிப்பு இருக்கு. துணி எங்க?" என்றாள் பின்சீட்டிலிருந்த கிராசியானா, ஜன்னல் வழியாக.

"அத்தை, கொஞ்சம் சும்மா இருங்க."

"எங்கப்பா ஆடு மேய்ச்சாரு. ஒரு ஆடுகூட நடுவழியில நின்னு கிளிப்பு கேட்டதில்ல."

அவன் இன்னொரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து, பம்பில் சுற்றியிருந்த துணிமேல் ஊற்றினான். குடிக்க வைத்திருந்த தண்ணீர்தான். ஆனால் கிழவி காலையிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. "நான் சாப்பிடறதே தண்ணிய வெளியேத்துற மாத்திரை. குடிச்சா எங்க போய் ஒதுங்குறது? ஒரு புதர்கூட மறைவா இல்ல" என்று தள்ளிவிட்டாள். அவள்தான் குடிக்கவில்லையே, கார் குடிக்கட்டும் என்று அவனும் விட்டுவிட்டான்.

துணியில் ஆவி பறந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்து சாவியைத் திருப்பினான். கார் சமர்த்தாகக் கிளம்பியது.

"பாத்தீங்களா?" என்று திரும்பினான். கிராசியானா கேலி பேசவில்லை.

சில மைல் ஓடியது. பிறகு ஒரு விக்கல், இரண்டு விக்கல், மறுபடி நின்றது. பின்சீட்டில் இருந்த பாட்டில்களைத் துழாவினான். எல்லாம் காலி. ஒன்றே ஒன்று மிச்சம். ஊருக்கு இன்னும் இருபது மைலுக்கு மேல் இருக்கும். நடந்தால் அவனே பாதி வழியில் விழுவான். கிழவியைத் தூக்கிக்கொண்டா நடப்பது?

அந்தக் கடைசிப் பாட்டிலில் பாதியைப் பம்பில் ஊற்றினான். அப்போதுதான் உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"டேய் மிஷெல், ஆட்டையெல்லாம் மடக்கிட்டியாடா?"

மிஷெல் அவளுடைய தம்பி. செத்து முப்பது வருஷமாகிறது. வெர்லின் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினான். அவள் முகம் செங்கல்லாய்ச் சிவந்திருந்தது. நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. கண் திறந்திருந்தது, ஆனால் அவனைப் பார்க்கவில்லை.

"அத்தை, நான் வெர்லின். குடிங்க. ஒரே ஒரு வாய்."

பாட்டிலை உதட்டில் வைத்துச் சாய்த்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். தண்ணீர் தாடையில் வழிந்து ரவிக்கையை நனைத்துச் சீட்டுக்குள் இறங்கியது. இன்னும் சாய்த்தான். பாட்டில் காலியானதுதான் மிச்சம். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

வெர்லின் அழுதான். வெட்கமில்லாமல், வாய்விட்டு அழுதான். அவளைத் தோளில் சாய்த்து, தொப்பியால் விசிறிக்கொண்டே இருந்தான். பம்பில் போட்ட துணி எப்போதோ காய்ந்து விறைத்துவிட்டது. ஊற்ற எதுவுமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் முன்சீட்டுக்குப் போய், சும்மா கை போன போக்கில் சாவியைத் திருப்பினான்.

கார் கிளம்பிவிட்டது.

ஆக்ஸிலரேட்டரை மிதித்த காலோடு கொஞ்ச தூரம் போன பிறகுதான் அது மண்டையில் ஏறியது. துணி காய்ந்திருந்தது. எஞ்சின் அடுப்பாய்க் கொதித்தது. அப்படியும் கிளம்பியது என்றால் தண்ணீர் எதையும் குணப்படுத்தவில்லை. காத்திருந்ததுதான் குணப்படுத்தியது. சும்மா நின்றாலே சரியாகிற கோளாறு எது?

விக்கல் மறுபடி ஆரம்பித்தது. கார் நிற்பதற்குள் அவனே நிறுத்திவிட்டு இறங்கிப் பின்பக்கம் ஓடினான். பெட்ரோல் டாங்கின் வாயில் பளபளவென்று ஒரு புது மூடி. போன வாரம் எவனோ ராத்திரியில் டாங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டு போனதால், பூட்டு வைத்த மூடியாகப் பார்த்து வாங்கி மாட்டியிருந்தான். பூட்டைத் திறந்து திருகினான். டாங்க் புஸ்ஸென்று நெடுநேரம் காற்றை உள்ளே இழுத்தது.

பழைய மூடியில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தது. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியே காற்று உள்ளே போகும். புது மூடியில் ஓட்டையில்லை. டாங்கின் வாயைப் பொத்திவிட்டு, பாவம், பம்பைப் போய் இழு இழு என்றால் அது எதை இழுக்கும்? கார் நிற்கும்போதெல்லாம் எங்கேயோ ஒரு இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று கசிந்து போயிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். அதற்குத்தான் கிழவியின் தண்ணீரை எல்லாம் இரும்பில் ஊற்றினான்.

மூடியை மணலில் வீசிவிட்டு, டாங்க் வாயில் ஒரு துணியைத் தளர்வாகச் செருகினான். அதன் பிறகு கார் ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. அது ஒழுங்காக ஓட ஓட அவன் இன்னும் அழுத்தி மிதித்தான். பின்னால் கிராசியானா ஆடுகளை அதட்டிக்கொண்டே வந்தாள். பிறகு அதட்டுவதையும் நிறுத்திவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஐஸ் பைகளை அக்குளிலும் கழுத்திலும் வைத்து, கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டெனிஸ் மாவு ஒட்டிய கையோடு ஓடிவந்தாள். வெகுநேரம் கழித்து கிராசியானா கண்ணைத் திறந்து, மகளைப் பார்த்து, பேரைச் சரியாகச் சொன்னாள். வெர்லின் சுவரில் சாய்ந்துகொண்டான்.

நர்ஸ் குனிந்து, "பாட்டிம்மா, இன்னிக்குத் தண்ணி எவ்வளவு குடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"நான் கிளம்புறப்பவே எங்கம்மாவுக்குன்னு பின்சீட்டு நெறய பாட்டில் வெச்சேன்" என்றாள் டெனிஸ். அவள் பார்வை கணவன்மேல் நிலைத்தது.

கிராசியானாவின் கண் ஒரு கணம் வெர்லின் பக்கம் போய் வந்தது. உதடு வெடித்திருந்தது. "வயிறு முட்டக் குடிச்சேன்" என்றாள். "மாப்பிள்ளை குடுத்துக்கிட்டே வந்தாரு. எல்லாத்தையும் நான்தான் குடிச்சேன்."

"அப்படியா? அப்போ ஏத்துறதைக் குறைக்கணுமே. இந்த இதயத்துக்கு அதிகமாப் போனா மூச்சு முட்டிடும்" என்று நர்ஸ் குளுக்கோஸ் குழாயிலிருந்த உருளையைத் திருகினாள். சொட்டு மெதுவானது.

வெர்லின் அந்தச் சொட்டையே பார்த்தான். இவ்வளவு வருஷத்தில் அவனுடைய ஒரு தப்பைக்கூடக் கிழவி சபையில் சொல்லாமல் விட்டதில்லை. இன்றைக்குத்தான் சொல்லாமல் விட்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்துவிடலாம். டெனிஸின் முகத்தை நினைக்கவே பயமாயிருந்தது. பாலைவனத்தில் பயந்தது ஒரு மாதிரி. இது வேறு மாதிரி.

"அவங்க குடிக்கல" என்றான். "ஒரு சொட்டுகூடக் குடிக்கல, டெனிஸ். எல்லாத்தையும் நான் எஞ்சின்ல ஊத்திட்டேன்."

நர்ஸ் உருளையை அவசரமாகப் பழையபடி திருகிவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள். டெனிஸ் கணவனைத் திரும்பியும் பாராமல் அம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கிராசியானா கண்ணை மூடிக்கொண்டாள். "அவரைத் திட்டாத, டெனிஸ்" என்றாள் முனகலாக. "எழுந்திருச்சு அவரை நானே திட்டிக்கிறேன்."