அண்ணன் பார்க்காத வாத்து

கண்புரை எடுத்த பிறகு பிரீட்டுக்கு இதுதான் பறவை பார்க்கப் போகும் முதல் நடை. அறுபத்து மூன்று வயதில் உலகத்தை யாரோ ஈரத்துணியால் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. டங்கார்வன் வளைகுடாவின் மணல்திட்டில் பிப்ரவரிக் காற்று முகத்தில் அறைந்தாலும், தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்ளாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

முன்னால் டெலஸ்கோப்பைத் தோளில் சாய்த்தபடி அவளுடைய அண்ணன் ஃபின்டன். இந்த நடையை வருஷக்கணக்காக நடத்துகிறவர். அவர் ஒரு பறவைக்கு என்ன பெயர் சொன்னாரோ அதுதான் அன்றைக்கு அதன் பெயர். பின்னால் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களில் வாய் ஓயாதவள் கறிக்கடை டிம்ப்னா.

"என்ன பிரீட், புதுக் கண்ணு எப்படி?"

"நல்லாத் தெரியுது டிம்ப்னா. உன் மீசைகூடத் தெரியுதுன்னா பாத்துக்கோயேன்."

டிம்ப்னாதான் முதலில் சிரித்தாள்.

திட்டின் உட்பக்கச் சேற்றில் பிரென்ட் வாத்துகள் கடற்புல்லை மேய்ந்துகொண்டிருந்தன. இன்னும் சில வாரங்களில் வடக்கே கிளம்ப வேண்டியவை. கூட்டம் முழுக்க வெளிறிய வயிறு. வலது கோடியில் ஒன்று மட்டும் வேறாக இருந்தது. பிரீட் பைனாகுலரை இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தாள்.

"அண்ணே, அந்தக் கடைசி வாத்தப் பாருங்க. வயிறு கன்னங்கரேல்னு இருக்கு. கழுத்துல வெள்ளப் பட்டை, மாலை போட்ட மாதிரி. நம்ம வாத்து இல்ல. பசிபிக் பக்கத்து வாத்து, வழி தவறி வந்திருக்கு."

ஃபின்டன் டெலஸ்கோப்பை நட்டுக் குனிந்தார். உடனே நிமிர்ந்தார்.

"சேறு. புரண்டிருக்கும். வெளிச்சமும் சரியில்ல."

"பளிச்சுனு அடிக்குதே வெளிச்சம்?"

"போன மாசம் வரைக்கும் கடற்காகத்துக்கும் பிளாஸ்டிக் பைக்கும் வித்தியாசம் தெரியாது உனக்கு. இப்ப எனக்குப் பாடம் எடுக்கறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிரீட்டுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெளிச்சம் சரியில்லை, சேறாக இருக்கும் என்பதெல்லாம் கண் மங்கிய காலத்தில் அவளே சொல்லித் தப்பித்த சாக்குகள்.

கொஞ்ச தூரம் போனதும் நீர் விளிம்பில் சத்தமில்லாமல் நின்ற ஒரு பறவையைக் காட்டி, "வளைமூக்கு உள்ளான்" என்றார் ஃபின்டன். எல்லோரும் தலையாட்டினார்கள். அதன் அலகு ஆணி மாதிரி நேராக இருந்தது.

பிரீட் அண்ணனின் கையைப் பிடித்து மணல்மேட்டுக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"எப்ப இருந்து?"

"எது எப்ப இருந்து?"

"நாலு வருஷம் நான் ஆடின ஆட்டம் அண்ணே இது. என்கிட்டயே ஆடாதீங்க."

ஃபின்டன் கடலைப் பார்த்தார். பார்ப்பது போல நின்றார். "போன கோடையில இருந்து. பறவை சத்தம் போட்டா என்னன்னு சொல்லிடுவேன். சும்மா நின்னா எல்லாம் ஒண்ணுதான்."

"இந்தக் கண்ணோடதான் எங்களையெல்லாம் வண்டியில ஏத்திட்டு வந்தீங்களா?"

அவர் கை தானாகக் கோட்டுப் பைக்குள் போனது.

"சாவியக் குடுங்க."

"பிரீட், அவங்களுக்குத் தெரிஞ்சா..."

"என்ன ஆகும்? எனக்கு ஆனதுதான். ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன், மறுநாள் டிம்ப்னா மீசை தெரிஞ்சுது. சாவி."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவி கைமாறியது.

திரும்பி வந்ததும் ஃபின்டன் தொண்டையைக் கனைத்தார். "எனக்குக் கண்ணு மங்கிடுச்சு. கொஞ்ச நாளாவே. மறைச்சு வெச்சிருந்தேன். அந்த உள்ளான் எதுன்னு பிரீட்டக் கேளுங்க. வாத்தையும் அவ காட்டுவா."

டிம்ப்னா, "அட, இதுக்கா மனுஷா மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க?" என்று அவர் முதுகில் ஓங்கித் தட்டினாள்.

பிரீட் டெலஸ்கோப்பைத் திருப்பி நிறுத்தினாள். கறுத்த வாத்து தலையைத் தூக்கியது. வெள்ளைப் பட்டை கழுத்தின் முன்பக்கம் வரை சுற்றி வந்து சேர்ந்திருந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். "சேறும் இல்ல, ஒண்ணும் இல்ல!" என்று டிம்ப்னா போட்ட கூச்சலில் பாதி வாத்துக் கூட்டம் மேலே எழும்பி மறுபடி உட்கார்ந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது பிரீட் ஓட்டினாள். பக்கத்தில் ஃபின்டன் வழியெல்லாம் குறை சொல்லிக்கொண்டு வந்தார். கியரை முறிக்கிறாளாம், வளைவில் வேகம் ஜாஸ்தியாம்.

"நாளைக்குக் காலையில கண் டாக்டருக்கு நானே போன் போடறேன். நீங்க பேசினா ஒத்திப் போடுவீங்க."

"போடு, போடு." ஜன்னல் பக்கம் திரும்பியவர் மெதுவாகக் கேட்டார்: "விலாப்புறம் எப்படி இருந்துச்சு அந்த வாத்துக்கு?"

"வெள்ளை. கறுப்பு வயித்துக்குப் பக்கத்துல வெள்ளையடிச்ச சுவர் மாதிரி."

"முதுகு?"

பிரீட் வண்டியின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, முதுகிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.