வில்ஃபின் கட்டிலுக்கு மேலே

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு வீட்டு விளம்பரத்திலிருந்து வந்தது. ‘விக்டோரியா காலத்து வரிசை வீடு. மேம்படுத்த நிறைய இடமுண்டு.’ வட இங்கிலாந்தின் பர்ன்லியில் இதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். ஓதம் ஏறிய சுவர், ஒழுகும் கூரை.

2

ஹேசல் அந்த வீட்டைப் பார்த்த மாத்திரத்தில்

(வேண்டாம். பார்த்த மாத்திரத்தில் பிடிக்கிற வீடல்ல அது.)

மறுபடி. ஹேசலும் கணவன் கிளைவும் வீட்டை வாங்கப் பேசி முடித்திருந்தார்கள். விற்பவர் வில்ஃப், எண்பத்திரண்டு வயது. மனைவி இறந்தபின் முன்னறையில் கட்டில் போட்டுத் தனியே இருந்தார்.

“இங்க புகைபோக்கி ஏறுற ஒரு கணப்புச் சுவர் இருந்துச்சும்மா. நானேதான் இடிச்சேன். என் வீட்டுக்காரி ஐவிக்கு மாடி ஏற முடியல, கட்டில் கீழ வரணுமில்ல? மூணு ஞாயித்துக்கிழம. ஒரு கொத்தனாரக் கூப்பிடல.”

“அழகா பண்ணியிருக்கீங்க,” என்றாள் ஹேசல்.

3

கட்டட ஆய்வாளரின் அறிக்கை வந்தது. கீழே சுவரை எடுத்தவர், மேலே இருப்பதைத் தாங்க ஒன்றும் வைக்கவில்லை. மாடியிலிருந்து கூரைவரை புகைபோக்கிச் செங்கல், ஒரு டன்னுக்குக் குறையாது, அந்தரத்தில் நிற்கிறது. நேர் கீழே வில்ஃபின் தலையணை.

“வேண்டாம்னு ஏஜென்டுக்கு ரெண்டு வரி எழுது, போதும்,” என்றான் கிளைவ். “அறிக்கை நம்ம காசு குடுத்து வாங்குனது. ஊரான் வீட்டு உத்தரத்த நீ எதுக்குத் தாங்குற?”

‘எங்கள் சூழ்நிலை மாறிவிட்டது’ என்று எழுதினார்கள். இங்கே எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். காரணம் சொல்வது மரியாதை இல்லை.

4

சொல்லிவிடலாம் என்று ஹேசல் மட்டும் திரும்பிப் போகிறாள். வில்ஃப் டீ போடுகிறார்.

“ஏம்மா கண்ணு, வீட்டுல ஏதாச்சும் குறையா?”

“சேச்சே! எங்க நேரம்தான் சரியில்ல.”

(இரண்டாம் வரைவு: அறிக்கையைப் பையில் எடுத்துப் போகிறாள். இரண்டு கோப்பை டீ குடித்துவிட்டு அதே பையோடு திரும்புகிறாள். மனைவிக்காக அவர் செய்த ஒரே பெரிய வேலை, அந்தச் சுவரை எடுத்தது. எப்படிச் சொல்வது?)

(மூன்றாம் வரைவு: “வில்ஃப், உங்க கட்டிலுக்கு மேல)

5

ஹேசல் என்று யாரும் இல்லை. அந்த டீயைக் குடித்தது நான். வெட்கமாக இருக்கிறது. ஒரு வாக்கியம் சொல்லத் துணிவில்லாமல் ஒரு கதையே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முடிவை உங்களிடம் விடுகிறேன். அழகாக இருக்க வேண்டியதில்லை, போய்ச் சொன்னால் போதும். பச்சைக் கதவு. பலமாகத் தட்டுங்கள், காது மந்தம். இப்போது மணி ஒன்றரை. சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு அவர் படுப்பார்.