ஐந்தாவது ஸ்லைடு

சந்தேகம் பிடித்த மனசுக்குச் சின்னத் துப்பு போதும். சினாராவுக்கு அகப்பட்டது கைப்பேசித் திரையில் ஒரு பச்சை வட்டம்.

மாமனாரின் எழுபதாம் வயது விருந்துக்காக அவள் தலைநகர் பிஷ்கெக்கில் இருந்தபடியே இணையத்தில் ஸ்லைடுகள் செய்திருந்தாள். கிழவரின் இளவயது முகம், அவர் குதிரைமேல் இருப்பது, மாமியார், பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்கொன்று, கடைசியில் பேரப்பிள்ளைகள். செய்து முடித்து, மலைப்பக்க ஊரான நரினில் இருக்கும் குடும்பத்தார் பார்க்கட்டும் என்று இணைப்பையும் அனுப்பிவிட்டாள். யார் உள்ளே வந்து எந்த ஸ்லைடில் இருக்கிறார்கள் என்பது அவரவர் பெயரெழுத்து போட்ட வட்டத்தில் தெரியும். பச்சை வட்டம் ஓர்ப்படி பெர்மெத்துடையது, கடைசி மைத்துனனின் மனைவி. அது முதல் ஸ்லைடில் நின்றது. சாவகாசமாக நின்றது. பிறகு இரண்டாவதற்கு நகர்ந்து அங்கேயும் நின்றது. படம் பார்க்கிறவள் இப்படியா பார்ப்பாள்? ஐந்தாவதுக்கு வந்த வட்டம் அப்புறம் அசையவே இல்லை.

ஐந்தாவது எர்மெக்குடையது. சினாராவின் கணவன். தொலோன் கணவாயில் பனியில் வண்டி சறுக்கிப் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது.

சினாரா கூப்பிட்டுவிட்டாள்.

“என்ன பெர்மெத், ஸ்லைடுக்குள்ளயே குடியிருக்க போல?”

“இறக்கிட்டிருக்கேங்க்கா. ஒவ்வொண்ணா.”

“எதுக்கு ஒவ்வொண்ணா? ஒரு தட்டு தட்டினா மொத்தமா ஒரே ஃபைலா இறங்கிடுமே.”

“மண்டபத்துல அது ஓடாதாம். தனித்தனிப் படமா வேணுமாம். இதுல திறந்திருக்கிற ஸ்லைடை மட்டும்தான் படமா சேமிக்க முடியுது. ஒண்ணைத் திற, சேமி, பேர் வை, அடுத்ததைத் திற. கண்ணு பூத்துப்போச்சுக்கா.”

“அஞ்சாவதுல வந்து மாட்டிக்கிட்டியோ?”

“அது கொஞ்சம்...” என்று இழுத்தாள் பெர்மெத். “அக்கா, அடுப்புல பால் பொங்குது. அப்புறம் பேசறேன்.”

பாலாம். பொங்குதாம். சினாராவுக்குப் பால் பொங்குகிற சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் கணக்கு இப்படி ஓடியது: மொத்தமாக ஒரே ஃபைல் என்றால் நடுவிலிருந்து ஒன்றைச் சத்தமில்லாமல் உருவ முடியாது. தனித்தனி என்றால் எதை வேண்டுமானாலும் கழற்றி எறியலாம், கேட்டால் ‘விட்டுப்போச்சு’ என்று சொல்லலாம். போன மாதமே பெரிய மைத்துனர் கெங்கெஷ் போனில் சொல்லியிருந்தார்: “விருந்துல கண்ணீர் வேண்டாம்மா. அம்மா அவன் படத்தைப் பார்த்தா தாங்கமாட்டாங்க.” அன்றைக்கு அது அக்கறை மாதிரிதான் கேட்டது. இப்போது வேறு மாதிரி கேட்டது.

எர்மெக் போன பிறகு நரினுக்கே வந்துவிடு என்று மாமியார் கெஞ்சினாள். வேலையும் மகள் ஐதாயின் பள்ளிக்கூடமும் நகரத்தில் இருக்க, சினாரா வரவில்லை. வராத மருமகள் என்று பெயர் எடுத்தாயிற்று. இப்போது சொந்தபந்தம் முழுக்கக் கூடியிருக்கும் மண்டபத்தில், பெரிய திரையில், அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் எர்மெக்கின் முகம் வந்தால் அவளும் ஐதாயும் இன்னும் அந்த வீட்டார். வராவிட்டால் இல்லை. அவள் மனதில் விஷயம் அவ்வளவுதான். ஐதாய்க்கு இன்னும் எளிது. “அப்பா சுவத்தளவு பெருசா வருவாராம்மா?” என்று நரினுக்கு வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். வருவார் என்று சொல்லிவைத்திருந்தாள் சினாரா.

மண்டபம் நரின் கடைத்தெருவில், ஒரு கட்டடத்தின் நிலவறையில். மேலே குளிர் காதைக் கடிக்கிறது. கீழே ஆட்டிறைச்சி வேகிற வாசனையும் வெக்கையும். கைப்பேசிக்கு ஒரு துளி சிக்னல் கிடையாது. வாசலருகே மூன்று அடுக்கு கேக் ஒன்று வைத்திருந்தார்கள், அதன் காலடியில் கடைப்பெயர் எழுதிய அட்டை: ‘தத்தூ’. தத்தூ என்றால் தித்திப்பு. பெர்மெத்தின் அண்ணன் கடை. வந்தவர்கள் அட்டையைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்பது போல வைத்திருந்தார்கள்.

பெர்மெத் தேநீர்க் கிண்ணங்களோடு எதிரே வந்து கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். “வாங்கக்கா. ஐதாய்க் கண்ணு, எம்மாம் வளந்துட்ட.”

“ஸ்லைடெல்லாம் சரியா வந்திருக்கா?”

“வந்திருக்கு, வந்திருக்கு. பென் டிரைவ்ல போட்டு மராத் அண்ணன்கிட்ட நேத்தே குடுத்துட்டேன்” என்றபடியே நழுவிவிட்டாள். நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தேநீர் ஊற்ற வேண்டிய கடைசி மருமகள் நின்று பேசவா முடியும்? ஆனால் சினாராவுக்கு அது நழுவலாகத்தான் தெரிந்தது.

ஐதாயைத் தாத்தா பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நேரே மராத்திடம் போனாள். திரையை ஓட்டுகிறவர். மடிக்கணினிமேல் சூரியகாந்தி விதைத் தோல் மழையாகப் பெய்திருந்தது.

“அண்ணே, படம் எல்லாம் இருக்கான்னு பார்க்கணும்.”

“பாரேன். கண்ணாலதான். திறந்துடாத, திறந்தா அந்தச் சுவர்ல பெருசா வரும். ஆளுங்க வந்தாச்சு.”

படங்கள் இல்லை, பெயர்கள் மட்டும் வரிசையாக நின்றன. 01 அப்பா. 02 அப்பா குதிரையோடு. 03 அம்மா. 04 பெரியவர். 05 தத்தூ. 06 எங்க வீட்டுக்காரர். 07 பிள்ளைகள்.

சினாரா மறுபடி படித்தாள். எர்மெக் என்று எங்கேயும் இல்லை. அவன் இருக்கவேண்டிய இடத்தில், அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில், அச்சாக அதே ஐந்தாவதில், கேக் கடை.

நீக்கியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள், கெங்கெஷ் சொல்லிச் செய்தாள் என்று இருந்திருக்கலாம். நீக்கின இடத்தில் சொந்த அண்ணன் கடைக்கு விளம்பரம் போட எத்தனை நெஞ்சழுத்தம் வேண்டும். செத்தவன் இடம் காலி, நம்ம வீட்டு ஆள் உட்காரட்டும் என்று நினைத்துவிட்டாளே.

“அண்ணே, என் போன்ல ஒரு படம் இருக்கு. அதைச் சேர்க்க முடியுமா?” என்றவள் இணைப்பைத் திறந்து பார்த்தாள். வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் விருந்தை நடத்துகிற தமதா. மராத் விதைத் தோலைத் துப்பினார். “ஆரம்பிக்கப் போறாங்க. இனிமே சேர்க்கிற வேலையெல்லாம் ஆவாது. அழிக்கிறதுன்னா சொல்லு, ஒரு விரல் போதும்.”

“அழிங்க. அஞ்சாவதை.”

“என்னன்னு திறந்து பார்க்க வேண்டாமா?”

“எனக்குத் தெரியும் அது என்னன்னு.” என் புருஷன் இல்லாத சுவரில் அவள் அண்ணன் கேக்கும் வேண்டாம் என்றது மனசு. மராத் தோளைக் குலுக்கினார். ஒரு விரல்தான். பெயர் போய்விட்டது.

இடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது சினாராவுக்குப் பெரிய காரியம் செய்த திருப்தி. ஐதாய்க்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும் தெரியவில்லை.

விளக்கு மங்கியது. சுவரில் மாமனாரின் இளவயது முகம் வந்ததும் கூட்டம் கைதட்டியது. குதிரை வந்தது, கிழவர் மீசையைத் தடவிக்கொண்டார். மாமியாரின் படம் வந்தது. அவளோ தன் படத்தைப் பார்க்கவே இல்லை. மடித்த வெள்ளைத் துண்டைக் கையில் பிடித்தபடி அடுத்ததற்குக் காத்திருக்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கெங்கெஷ் வந்தார், மனைவி மக்களோடு. அடுத்து கடைசித் தம்பி வந்தான், சிரித்துக்கொண்டு.

யாரோ கைதட்ட ஆரம்பித்து நிறுத்தினார்கள். மாமியார் துண்டை மடியில் வைத்துவிட்டாள். மாமனார் கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டுத் தமதாவிடம் கையை நீட்டி மைக்கை வாங்கினார்.

“நிறுத்துப்பா. என் நடுப்பையன் எங்க?”

கெங்கெஷ் எழுந்து பெர்மெத்தைப் பார்த்தார். “நான்தான் போட வேண்டாம்னேன். இல்ல, இருக்கட்டும், அவனைப் பார்க்கத்தான் நான் வரேன்னு அம்மா அழுதாங்க, சரின்னேன். நீ எடுத்து வச்சேன்னுதானே சொன்ன? ஒரு வேலை உருப்படியா செய்ய மாட்டியா?”

பெர்மெத் தேநீர்க் கெண்டியோடு நடுவில் நின்றாள். “வச்சேன் மாமா. சத்தியமா வச்சேன். அஞ்சாவதா, தத்தூன்னு.”

“தத்தூவா? அது என்ன பேரு?”

“வேற எப்படி எழுதுவேன்? வீட்டுக்காரரோட அண்ணன் பேரை நான் சொல்லக்கூடாதே, எழுதலாமான்னு அம்மாகிட்டகூடக் கேட்டேன். கூடாதுன்னாங்க. உங்களைப் பெரியவர்னு எழுதிட்டேன். நடு மாமாவை நான் கூப்பிடறதே தத்தூன்னுதான்.” கெண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “நான் மருமகளா வந்த அன்னிக்குப் பதட்டத்துல டீயில உப்பை அள்ளிக் கொட்டிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க மட்டும் தத்தூ, தத்தூன்னு சொல்லி ரெண்டு கிண்ணம் வாங்கிக் குடிச்சாங்க.”

மாமியார் துண்டை முகத்தில் பொத்திக்கொண்டாள்.

பிஷ்கெக்கில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தவள் சினாரா. மைத்துனர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே பழக்கம். பெர்மெத் ‘அப்பா’, ‘பெரியவர்’ என்று சொல்வதெல்லாம் வெறும் மரியாதை என்று நினைத்திருந்தாளே தவிர, பெயர் சொல்லக்கூடாத ஒருவருக்கு ஒரு மருமகள் தானாக ஒரு பெயர் வைத்துக்கொள்வாள் என்பதும், தன் கணவனுக்கு இந்த வீட்டில் அப்படி ஒரு பெயர் இருந்தது என்பதும் இந்த நிமிஷம்தான் தெரிந்தது. அந்தப் பெயரைத்தான் ஒரு விரலால் அழிக்கச் சொன்னாள்.

“வச்சவ சரியா வச்சா அது எங்க போகும்?” என்றார் கெங்கெஷ். இரண்டு மேஜை தள்ளி ஒருத்தி, “இவளுக்கு எல்லாத்துலயும் அவசரம்” என்று முணுமுணுத்தாள். பெர்மெத் கெண்டியின் மூடியை அழுத்திச் சரியாக வைத்தாள்.

மராத் விதை கொறிப்பதை நிறுத்திவிட்டுச் சினாராவைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். காட்டிக்கொடுக்கிற ஆள் மாதிரி தெரியவில்லை. அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தால் பழி பெர்மெத்தோடு போய்விடும். மூன்று வருஷமாக வராத மருமகள் நாளைக்குக் காலையில் வண்டியேறிவிடலாம்.

சினாரா எழுந்தாள். முழங்கால் மேஜையில் இடித்தது.

“அவ வச்சிருந்தா. நான்தான் அழிக்கச் சொன்னேன்.”

பெர்மெத் திரும்பி அவளையே பார்த்தாள். கோபம்கூட இல்லை, புரியாத பார்வை. “ஏங்க்கா?” என்றாள் மெதுவாக. பதிலுக்குக் காத்திராமல் கெண்டியைக் கீழே வைத்தாள், கைப்பேசியை எடுத்துக்கொண்டாள். “மேல போனா சிக்னல் இருக்கும். திரும்ப எடுத்துட்டு வந்துடறேன்பா” என்று மாமனாரிடம் சொல்லிவிட்டு, மேல்கோட்டுகூடப் போடாமல் படியேறிப் போனாள்.

தாத்தா பக்கத்திலிருந்து ஐதாய் நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்பாவையா, ம்மா?”

சினாரா ஆமாம் என்று தலையசைத்தாள்.