ஆஸ்பத்திரிக் காட்சி

குழந்தைகள் தினத்துக்குப் பிள்ளைகளுக்கு ஒரு சினிமா போடலாம் என்று தலைமையாசிரியர் ஆத்மநாதன் சொன்னதும், எந்தப் படம் என்று பார்த்துச் சொல்லும் வேலை இரண்டாம் வகுப்பு டீச்சர் பிரகதீஸ்வரியிடம்தான் வந்தது. ஆலங்குடிக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்னத் தொடக்கப்பள்ளியில் அது யாருக்கும் ஆச்சரியமாக இல்லை. ஆண்டு விழா நடனத்துக்குப் பாட்டு எடுத்தால்கூட அவள்தான் கேட்டுப் பார்த்து, இது ஆகாது, அது ஆகாது என்று கழிப்பாள். கண்டிப்பான டீச்சர் என்று பேர். அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை சமையலை முடித்துவிட்டு, நோட்டும் பேனாவுமாக டிவி முன்னால் உட்கார்ந்தாள். அண்ணன், தங்கை, அவர்கள் வளர்க்கிற ஒரு ஆட்டுக்குட்டி. குடும்பப் படம். யு சான்றிதழ். இருந்தாலும் அவள் விடவில்லை. சித்தப்பா குடித்துவிட்டு வருகிற இடம், சந்தையில் நடக்கிற சண்டை, இடுப்பை ஆட்டுகிற ஒரு பாட்டு, மூன்றுக்கும் எத்தனையாவது நிமிஷம் என்று குறித்துக்கொண்டாள். அந்த இடங்களைக் காட்டாமல் ஓட்டிவிட வேண்டும்.

படத்தின் நடுவில் பிள்ளைகளின் அம்மா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். ஆட்டோவில் ஏறும்போது மகளின் தலையைத் தடவி, "தம்பிப் பாப்பாவோட வந்துர்றேன்" என்கிறாள். வருவதில்லை. வெள்ளைத் துணி போர்த்திய கட்டில் மட்டும் ஒரு நொடி தெரிகிறது. பிரகதீஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தாயின் அருமை பிள்ளைகளுக்குத் தெரியட்டும், இதுவல்லவா காட்ட வேண்டிய காட்சி என்று நினைத்தாள். நோட்டில் அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

மறுநாள் முதலாம் வகுப்பு டீச்சர் ஷீபாதான் கேட்டாள். அவளும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தாள்.

"அந்த ஆஸ்பத்திரி சீன் வேணுமா டீச்சர்? நம்ம புள்ளைங்க ரொம்பச் சின்னதுங்க."

"அதுல என்ன இருக்கு ஷீபா? ரத்தம் இல்ல, கத்தி இல்ல. அழுதா அழட்டுமே. மனசு நெகிழணும்ல."

"இல்ல டீச்சர், வீட்டுல யாராச்சும்…"

"நான் முழுசாப் பாத்துட்டேன். எல்லாம் சரியா இருக்கு."

ஷீபா வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்கு மேல் அவள் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை ஜன்னல்களில் ஜமுக்காளத்தைக் கட்டி வெளிச்சத்தை மறைத்து, பிள்ளைகளைப் பாயில் உட்கார வைத்துப் படம் போட்டார்கள். ஆட்டுக்குட்டி வந்தபோதெல்லாம் ஒரே கூச்சல். குடிக்கிற இடத்தையும் சண்டையையும் பாட்டையும் பிரகதீஸ்வரி தவறாமல் ஓட்டிவிட்டாள். ஆஸ்பத்திரிக் காட்சியில் அறை அடங்கிப் போனது. மூன்று நான்கு பிள்ளைகள் விசும்பின. அவளுக்கும் மறுபடி கண் கலங்கியது.

படம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, அவள் வகுப்புப் பிள்ளை இலக்கியா வந்து பக்கத்தில் நின்றாள். ஏழு வயசு. எதையும் இரண்டு தரம் கேட்டுத் தெளிகிற பிள்ளை.

"டீச்சர், அந்த அம்மாவ வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா வந்துருப்பாங்களா?"

"அது படம்டி. நெசமில்ல."

"அப்ப ஏன் நீங்க அழுதீங்க?"

பிரகதீஸ்வரி சிரித்துவிட்டாள். "போ, போய் மிட்டாய் வாங்கிக்க" என்று முதுகில் தட்டி அனுப்பினாள். சாயங்காலம் ஆசிரியர் அறையில் அதையே ஒரு வேடிக்கையாகச் சொல்லி மற்றவர்களையும் சிரிக்க வைத்தாள்.

இலக்கியாவின் அம்மா காவ்யாவுக்கு அது நிறைமாதம் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அதற்கு முந்தின வாரம்தான் பள்ளிக்கூட வாசலில் பார்த்து, "இந்த வயித்தோட நீ எதுக்கு வெயில்ல வர்ற, நான் யாரோடயாவது அனுப்பி வைக்கிறேன்" என்று அக்கறையாகச் சொல்லியிருந்தாள். படத்தையும் அந்த வயிற்றையும் சேர்த்து நினைக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

புதன்கிழமையும் வியாழக்கிழமையும் இலக்கியா வரவில்லை. பிரசவம் ஆகியிருக்கும் என்று பிரகதீஸ்வரி நினைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளையின் அப்பா வெற்றிசெல்வன் வந்தான். தேங்காய் லோடு ஓட்டுகிறவன். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"என்னப்பா, என்ன கொழந்தை?"

"பையன் டீச்சர். புதுக்கோட்டையில பெரியாஸ்பத்திரியில இருக்கான். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க. வயித்துக்குள்ளயே அழுக்குத் தண்ணியக் குடிச்சுட்டானாம்."

"அய்யய்யோ. காவ்யா?"

"அது நல்லா இருக்குங்க. லேட்டாயிருச்சு டீச்சர், அதான்." அவன் வாசல் தூணில் சாய்ந்துகொண்டான். "வலி வந்து ஆம்புலன்ஸும் வந்துருச்சு. புள்ளயக் காணோம். அங்கிட்டு இங்கிட்டுத் தேடுறோம், ஆளே இல்ல. எம் புள்ள மொகத்தப் பாக்காம ஏறமாட்டேன்னு இவ ஒரே அழுகை. முக்கா மணி நேரங்கழிச்சு முந்திரிக்காட்டுல கண்டுபிடிச்சேன். ஒரு மரத்தடியில சுருண்டு உக்காந்திருக்கு. கூப்பிட்டது காதுல விழுந்திருக்கு டீச்சர். வேணும்னே வரல."

பிரகதீஸ்வரியின் கையிலிருந்த வருகைப் பதிவேடு கனத்தது.

"ஏன் இப்படிப் பண்ணுச்சுன்னே தெரியல. அன்னைலேருந்து வாயத் தொறக்க மாட்டேங்குது. ஒங்க மேலதான் அதுக்கு உசுரு. நீங்க ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

அவனுக்குத் தெரியாது. அவள் சொல்லாவிட்டால் இனியும் தெரியப்போவதில்லை. ஏதோ பயந்திருக்கும், நான் பேசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஒரு நிமிஷம் அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. பிற்பாடு எத்தனையோ நாள், அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தும் அவள் கூசினாள்.

"ஏன்னு எனக்குத் தெரியும்ப்பா" என்றாள். படத்தைப் பற்றிச் சொன்னாள். ஆட்டோவில் ஏறிப்போய்த் திரும்பாத அம்மாவைப் பற்றி, ஷீபா தடுத்தது பற்றி, பிள்ளை வந்து கேட்டது பற்றி, தான் சிரித்தது பற்றி, ஒன்றையும் விடாமல் சொன்னாள். "நான்தான் அந்தப் படத்த எடுத்தேன். அம்மா போகாம இருக்கணும்னு புள்ள ஒளிஞ்சிருக்கு. தப்பு என் மேலதான்."

வெற்றிசெல்வன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"நான் அடிச்சுட்டேன் டீச்சர்" என்றான் தரையைப் பார்த்தபடி. "மரத்தடியிலேருந்து தூக்கி நிறுத்திக் கன்னத்துலயே ஒண்ணு விட்டேன். ஆத்தா உசுருக்குப் போராடுறா, ஒனக்கு வெளையாட்டாடின்னு கேட்டேன்."

வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

பதினோராம் நாள் குழந்தை வீட்டுக்கு வந்தது. பிழைத்துக்கொண்டான், பயமில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பிரகதீஸ்வரி குழந்தைக்குச் சட்டை வாங்கிக்கொண்டு, ஷீபாவையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாள். காவ்யா எழுந்து உட்கார்ந்து சிரித்த முகமாக வரவேற்றாள். "விடுங்க டீச்சர், நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க. எங்க விதி அப்படி" என்றாள். அந்தச் சமாதானம் பிரகதீஸ்வரிக்கு இன்னும் பாரமாக இருந்தது.

இலக்கியா அம்மாவின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரகதீஸ்வரி தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"தம்பிக்கு முடியாமப் போனது ஒன்னாலன்னு நெனைக்கிறியாடா? இல்ல. டீச்சர்தான் தப்புப் பண்ணேன். நீ வந்து கேட்டப்ப நான் ஒழுங்காப் பதில் சொல்லிருக்கணும்."

பிள்ளை அவள் முகத்தையே பார்த்தது. கோபம் இல்லை. கேட்பதற்கு ஏதோ இருப்பதுபோல் உதடு அசைந்தது. கேட்கவில்லை. கட்டில் காலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

திரும்பி பஸ்ஸுக்கு நடக்கும்போது, "அன்னைக்கு நீ சொன்னத நான் கேட்டிருக்கணும்" என்றாள் பிரகதீஸ்வரி.

"நானும் இன்னும் ரெண்டு வார்த்தை சேத்துச் சொல்லிருக்கணும் டீச்சர். ஒங்களுக்குப் பயந்துக்கிட்டு விட்டுட்டேன்" என்றாள் ஷீபா. அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை.

டிசம்பர் முதல் வாரம் இலக்கியா பள்ளிக்கூடம் வந்தாள். முதல் நாள் மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். பிரகதீஸ்வரி தன் போனை எடுத்து காவ்யாவுக்குப் போட்டுக் கொடுத்தாள். "இருக்கியா?" என்று மட்டும் கேட்டது பிள்ளை. அந்தப் பக்கத்திலிருந்து "இருக்கேன் தங்கம்" என்று வந்ததும் போனைத் திருப்பித் தந்துவிட்டுச் சாப்பிடப் போனது. மறுநாளும் அப்படியே. பொங்கல் வந்து போனது, அரையாண்டு விடைத்தாள் கொடுத்தாகிவிட்டது, தினமும் மத்தியானம் அந்த ஒரு வார்த்தை நிற்கவில்லை. பாடத்தில் பழையபடி கெட்டிக்காரியாகத்தான் இருந்தாள். சந்தேகம் என்று எழுந்து நிற்பது மட்டும் இல்லை.

மார்ச்சில் ஒருநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் பிரகதீஸ்வரி போனை நீட்டினாள். இலக்கியா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, மற்ற பிள்ளைகளோடு குழாயடிக்கு ஓடினாள்.

பயம் தெளிந்துவிட்டதா, அல்லது அதை மறைக்கப் பழகிக்கொண்டதா? ஓடிப்போய் அந்தப் பிள்ளையை நிறுத்திக் கேட்க பிரகதீஸ்வரிக்கு வாய் வரவில்லை. போனைக் கையில் பிடித்தபடி, குழாயடியில் தட்டுக் கழுவுகிற கூட்டத்தில் அந்த முகத்தைத் தேடிக்கொண்டு நின்றாள்.