மாதம் ஒரு வாய்தா

குழந்தைகள் உரிமைக் கண்காணிப்பு ஆணையம் என்று வாசலில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாலும், உள்ளே கண்ணைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம். "பார்க்கிறோம்" என்பார்கள், கொஞ்சம் அழுத்திக் கேட்டால் "பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்பார்கள். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஆள் அங்கே அவள் ஒருத்திதான். எதையும் துருவித் துருவிக் கேட்பாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குத் 'துருவி' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர், நாளடைவில் முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது. அவள் அதைக் கண்டுகொள்வதில்லை.

அந்த வருடம் வெளிநாட்டுக் குழு ஒன்றுக்கு நாடு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. உங்கள் பிள்ளைகளை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று அவர்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை கேட்பார்கள். நன்றாக வைத்திருக்கிறோம் என்று அமைச்சகம் எழுதும். எழுதியது மெய்தானா என்று ஆணையம் சரிபார்க்க வேண்டும். துருவியின் மேசைக்கு வந்த பக்கத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: "அரசு இல்லங்களில் வசிக்கும் எல்லாப் பிள்ளைகளும் கட்டணமில்லாத் தொலைபேசி மூலம் எந்நேரமும் தங்கள் குறைகளைத் தெரிவிக்கலாம்."

'எந்நேரமும்' என்ற சொல்லைப் பார்த்ததுமே அவளுக்குத் தலை வலிக்கத் தொடங்கியது.

மறுநாளே ஆற்றங்கரையை ஒட்டியிருந்த பெண்பிள்ளைகள் இல்லத்துக்குப் போனாள். தொலைபேசி இருந்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. வார்டன் அம்மாவின் அறையில், கண்ணாடி அலமாரிக்குள், பரிசுக் கோப்பை மாதிரி வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

"பூட்டு எதுக்கும்மா?"

"பிள்ளைங்க தொட்டுக் கெடுத்துடுவாங்க மேடம்."

"பிள்ளைங்க தொடறதுக்குத்தானே வெச்சிருக்கு?"

வார்டன் அம்மா யோசித்துப் பார்த்தார். "அதுவும் சரிதான்," என்றார். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகள் சாப்பிடுவதையே சாப்பிட்டு, அவர்கள் தூங்கிய பிறகு தூங்குகிறவர். மூக்குக் கண்ணாடியின் ஒரு காதுக்கம்பி உடைந்து, நூல் சுற்றிக் கட்டியிருந்தது. சாவியைத் தேடி எடுத்து அவரே திறந்து விட்டார்.

யாராவது ஒரு பிள்ளை பேசிக் காட்ட வேண்டும் என்று துருவி சொன்னதும், கதவோரம் நின்றிருந்த ஒருத்தி முன்னால் வந்தாள். பதின்மூன்று வயது இருக்கும். எதற்கெடுத்தாலும் நியாயம் பேசுவாளாம். இல்லத்தில் அவளை 'வக்கீல்' என்றுதான் கூப்பிடுவார்களாம். எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் இசை ஓடியது. கடைசியில் ஒரு பெண் குரல் கேட்டது. வக்கீல் வாயைத் திறக்குமுன்பே அந்தக் குரல், "பக்கத்துல பெரியவங்க யாராவது இருக்காங்களா? அவங்ககிட்ட குடும்மா," என்றது.

வக்கீல் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு வார்டன் அம்மாவிடமே கொடுத்துவிட்டாள்.

"ஆமாங்க, வார்டன்தான் பேசறேன். எல்லாம் நல்லபடியா இருக்கு. சரிங்க. நன்றிங்க," என்று வாய்ப் பழக்கத்தில் சொல்லி வைத்துவிட்டார் வார்டன் அம்மா. வைத்த பிறகுதான் துருவியின் முகத்தைப் பார்த்தார். அதற்குள், இல்லத்தின் எண்ணாகப் பதிந்திருந்த அவருடைய கைப்பேசி சிணுங்கியது. 'உங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது' என்று செய்தி வந்திருந்தது.

துருவி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். இந்தப் புகாரும் தீர்த்து வைத்த கணக்கில் சேர்ந்து வெளிநாட்டுக்குப் போகும்.

"நீ என்னம்மா சொல்ல வந்தே?" என்று பிறகு கேட்டாள்.

"என் தங்கச்சியைப் பாக்கணும்."

"எங்கே இருக்கா?"

வக்கீல் அவளை மாடிக்குக் கூட்டிப்போனாள். ஜன்னல் கம்பி வழியாக ஆற்றுக்கு அக்கரையில் கையைக் காட்டினாள். "அதோ நீலத் தண்ணித்தொட்டி தெரியுதுல்ல? அந்தக் கட்டடம்தான். சின்னப் பிள்ளைங்க இல்லம். துணி காயப்போட வரும்போதெல்லாம் பாப்பேன். ஆளு யாருன்னு இங்கேருந்து தெரியாது."

அம்மா இறந்த பிறகு சித்தப்பா இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் கொண்டுவந்து விட்டாராம். வாசலில் ஒரு சார் வயதைக் கேட்டாராம். பத்துக்கு மேல் இந்தப் பக்கம், பத்துக்குக் கீழ் அந்தப் பக்கம்.

"கடைசியா எப்போ பாத்தே?"

"அன்னிக்குத்தான்."

"என்னிக்கு?"

"பிரிச்சாங்களே, அன்னிக்கு. அதுக்கப்புறம் ரெண்டு முழுப்பரீட்சை முடிஞ்சுடுச்சு. அப்போ பொடிசுக்கு முன்பல்லு ரெண்டும் இல்ல. இப்ப முளைச்சிருக்கும்."

அதைச் சொன்னபோது வக்கீல் அழவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் கேட்டாள். அவன் பல் மருத்துவன். "முன்பல்லு விழுந்தா முளைக்க எவ்வளவு நாளாகும்?"

"யாருக்கு? உனக்கா?" என்றான் அவன் சிரித்துக்கொண்டே. அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் குரலைத் தாழ்த்தினான். "சின்னப் பிள்ளைக்குன்னா சில மாசம். ஏன்?"

"பாலம் தாண்டினா பாத்துடலாம். நடந்தே போயிடலாம். ரெண்டு வருஷமா ஒருத்தரும் கூட்டிப் போகல," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். அவள் பாத்திரம் உருட்டினால் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

மறுநாள் வட்டார அலுவலகத்துக்குப் போனாள். பெரிய பிள்ளைகள் பிரிவின் அதிகாரி மரியாதையாக எழுந்து நின்று வரவேற்றார். கதையைக் கேட்டு உச்சுக்கொட்டினார். பிறகு, "எங்க பிள்ளையை அனுப்பறதுல ஆட்சேபம் இல்ல மேடம். ஆனா போற இடம் சின்னப் பிள்ளைங்க பிரிவு. அவங்க கேட்டு எழுதணும்," என்றார்.

சின்னப் பிள்ளைகள் பிரிவு எதிர் அறைதான். அங்கிருந்த அதிகாரியும் உச்சுக்கொட்டினார். "வரப்போறது அவங்க பிள்ளை. முதல்ல அவங்கதான் எழுதணும். நாங்களா எப்படிக் கேக்கறது?"

துருவி திரும்ப இந்த அறைக்கு வந்தாள். வண்டி இல்லை என்றார்கள். அந்த அறைக்குப் போனாள். துணைக்கு அனுப்பப் பெண் ஊழியர் இல்லை என்றார்கள். நடந்து நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். மதியம் சிற்றுண்டிச் சாலையில் பார்த்தால் இரண்டு அதிகாரிகளும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் தட்டிலிருந்து மற்றவர் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இப்பவே ரெண்டு பேரும் பேசி முடிச்சுடலாமே சார்," என்றாள்.

"இது சாப்பாட்டு நேரம் மேடம்," என்றார் ஒருவர், மனம் புண்பட்டவர்போல.

அலுவலகத்துக்குத் திரும்பி வந்த துருவி, ஆணையத்தின் சட்டப் புத்தகத்தை எடுத்துக் கோபத்தோடு புரட்டினாள். அனுமதி வாங்கித் தரும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை. ஆனால் விசாரணைக்கு யாரை வேண்டுமானாலும் சாட்சியாக அழைக்கலாம். சாட்சி குழந்தையாக இருந்தால், பொறுப்பில் இருக்கும் துறை வண்டி வைத்துத் துணையோடு அழைத்து வந்தே ஆக வேண்டும். இரண்டு அதிகாரிகளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அன்றே அழைப்பாணை போனது. இல்லாத வண்டி இரண்டு பக்கமும் எங்கிருந்தோ முளைத்தது.

விசாரணை நடத்துகிறவர் ஆணையத்தின் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி. தங்கமான மனிதர். பதவியில் இருந்தபோது தீர்ப்புச் சொன்னதைவிட வாய்தா போட்டதுதான் அதிகம் என்று அவருடைய மனைவியே சொல்லிச் சிரிப்பாராம். அவர் நீளமேசையின் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தார். வக்கீல் முன்னதாகவே வந்து, சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில், கதவைப் பார்த்தபடி இருந்தாள்.

ஆயா ஒருத்தியின் சேலையைப் பிடித்துக்கொண்டு பொடிசு உள்ளே வந்தாள். எட்டு வயது. அக்காவைப் பார்த்தாள், ஆனால் அடையாளம் தெரியவில்லை. பேன் தொல்லைக்காக வக்கீலுக்கு முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள், ஆளும் வளர்ந்துவிட்டாள். பொடிசு ஆயாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அறையில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காகிதங்களைப் பார்த்தார்கள்.

வக்கீல் எழுந்து போனாள். பொடிசின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "ஏய் பொடிசு. பல்லைக் காட்டு பாப்போம்."

அந்தக் குரலைக் கேட்டதும் பொடிசு தலையை நீட்டினாள். மெதுவாக உதட்டை விலக்கிக் காட்டினாள். இரண்டு பல்லும் முளைத்திருந்தன, முகத்துக்குக் கொஞ்சம் பெரிதாக.

"முயல் மாதிரி இருக்கே," என்றாள் வக்கீல். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அதிகாரிகள் இரண்டு பேரும் மாறி மாறிப் பேசினார்கள். கோப்பு தலைமையகத்தில் இருக்கிறது, வந்ததும் பதில் தருகிறோம் என்றார்கள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். மாத்திரை போடும் நேரம். "அப்போ அடுத்த மாசம் வெச்சுக்கலாம்," என்றார்.

துருவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை பாடுபட்டு அழைத்து வந்தது வாய்தா வாங்கவா? நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அவள் பேச வாயெடுப்பதற்குள் பெஞ்சிலிருந்து வக்கீலின் குரல் வந்தது.

"அப்போ அடுத்த மாசமும் தங்கச்சி வருவாளா ஐயா?"

"சாட்சி வராம விசாரணை எப்படிம்மா நடக்கும்? ரெண்டு பேரும் வரணும்," என்றார் தலைவர்.

துருவி பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த மாதம் அதிகாரிகள் பதிலோடு வந்தார்கள். பக்கம் பக்கமாக இருந்த பதிலின் சாரம் 'பரிசீலனையில் உள்ளது' என்பதுதான். தலைவர் ஏதோ சொல்ல வருமுன் துருவி, "படிச்சுப் பாக்க எனக்கு அவகாசம் வேணும் ஐயா. ஒரு வாய்தா குடுங்க," என்றாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "நீங்களா கேக்கறீங்க?"

"நான்தான் ஐயா. அதுவரைக்கும் சாட்சிங்க சாயந்திரம் வரை இங்கேயே இருக்கட்டும். ஏதாவது கேக்க வேண்டியிருக்கும்."

யாரும் எதுவும் கேட்கவில்லை. சாட்சிகள் சாயந்திரம் வரை பெஞ்சில் உட்கார்ந்து கதை பேசினார்கள். பொடிசு அக்காவின் குட்டை முடியில் சடை போட முயன்று தோற்றாள்.

அதற்கடுத்த வாய்தா முடிந்து வெளியே வந்ததும் அதிகாரிகள் இரண்டு பேரும் தாழ்வாரத்தில் துருவியை மடக்கினார்கள்.

"மேடம், இப்படி மாசாமாசம் ரெண்டு வண்டி, ரெண்டு ஆளு, ஒரு நாள் முழுக்க. எங்களால முடியல. ரெண்டு பிள்ளைங்களையும் ஒரே இல்லத்துல போட்டுடறோம். கேஸை முடிச்சுக்குடுங்க."

"பத்து வயசு விதி என்னாச்சு?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "விதின்னு எழுத்துல ஒண்ணும் இல்ல மேடம். வழக்கம்தான்."

துருவிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தாமல் கேட்டாள். "இதை நான் வந்த அன்னிக்கே செஞ்சிருக்கலாமே சார்?"

"அன்னிக்கு எங்களுக்கு வண்டிப் பிரச்சினை இல்லையே," என்றார் பெரிய பிள்ளைகள் பிரிவுக்காரர், ஒளிவு மறைவில்லாமல்.

அந்த வாரமே பொடிசு தகரப்பெட்டியோடு பாலம் தாண்டி இக்கரைக்கு வந்து சேர்ந்தாள்.

அறிக்கையின் கடைசி வடிவம் வந்தபோது அதில் புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது: "இல்லங்களில் உடன்பிறந்தோர் பிரிக்கப்படுவதில்லை. பிரிய நேர்ந்தாலும் மாதந்தோறும் சந்திக்க அரசு வாகன ஏற்பாடு செய்கிறது." துருவி அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் பயந்துவிட்டார். ஓரத்தில் எழுதினாள்: "ஒரே ஒரு ஜோடி சந்தித்தது. அதுவும் சாட்சிக் கூண்டில்."

தலைவர் கூப்பிட்டனுப்பினார். "வெளிநாட்டுக்குப் போறது. கொஞ்சம் மென்மையா எழுதலாமே?"

"சரிங்க ஐயா. 'கூண்டு' வேண்டாம். 'பெஞ்சு'ன்னு மாத்திடறேன்."

அவர் பெருமூச்சு விட்டார். ஆனால் கோடு போட்டு அடிக்கவில்லை, அந்த ஓரக்குறிப்பு அப்படியே போனது. அக்குழு அதைப் படித்ததா என்பது இன்றுவரை தெரியாது. துருவி காத்துக்கொண்டிருக்கவில்லை. வேறு இல்லங்களில் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எங்கெங்கே பிரிந்து கிடக்கிறார்கள் என்று துருவத் தொடங்கிவிட்டாள். அழைப்பாணைகள் அடுத்தடுத்துப் பறந்தன. இந்தத் தடவை சில அதிகாரிகள் வாய்தாவுக்கே காத்திருக்கவில்லை. ஆணை கைக்கு வந்ததுமே பிள்ளைகளைச் சேர்த்து வைத்துவிட்டுப் போன் செய்தார்கள். சில பேர் போனையே எடுக்கவில்லை. அவர்களுக்கு மாதாமாதம் வண்டி எடுக்கும் யோகம் வாய்த்தது.

அப்படி ஒரு வேலை நாளில், சாப்பாட்டைத் திறந்து வைத்த நேரத்தில், வார்டன் அம்மா கூப்பிட்டார்.

"மேடம், உங்க அக்காவும் தங்கச்சியும் ஒரே சண்டை. ஜன்னல் பக்கத்துக் கட்டில் யாருக்குன்னு. சின்னது கடிச்சு வெச்சிடுச்சு. கையில பல்லுத் தடம் அப்படியே பதிஞ்சிருக்கு. வக்கீல் உங்ககிட்ட புகார் குடுக்கணுமாம். கொஞ்ச நாளைக்குத் தனித்தனி அறையில போட்டுடட்டுமா?"

"பிரிச்சீங்கன்னா உங்களையும் சாட்சியா கூப்பிட்டுடுவேன்," என்றாள் துருவி. "போனை வக்கீல்கிட்ட குடுங்க. பெரியவங்க பக்கத்துல நிக்க வேண்டாம்."