ரோடிகாவை இத்தாலிக்கு அனுப்புவது

1

இந்தக் கதை எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து வரவில்லை. மல்லேஸ்வரத்தில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் நாத்தனார் வித்யாலட்சுமி மொச்சை உரித்துக்கொண்டே, "டெலியோர்மான் இந்த வாரம் முடிஞ்சிரும்னு பாத்தேன் அண்ணி, முடியல" என்றாள்.

ஏதோ மாத்திரையின் பெயர் என்று நினைத்தேன்.

"ஊரு அண்ணி. ருமேனியாவுல ஒரு மாவட்டம்."

வித்யா ஆம்பூரிலிருந்து வேலைக்காக வந்து எங்களோடு தங்கியிருக்கிறாள். தினமும் மெட்ரோவில் வண்டி மாறி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறாள். அங்கே என்ன செய்கிறாள் என்று அதுவரை நான் சரியாகக் கேட்டதில்லை. அன்றுதான் கேட்டேன். ஐரோப்பாவில் சாகுபடி செய்கிறவர்களுக்கு அரசு ஆண்டுதோறும் உதவித்தொகை தருகிறது. நிலத்தில் உண்மையிலேயே ஏதாவது நடக்கிறதா என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துச் சரிபார்க்கிறார்கள். முதலில் இயந்திரம் ஊகிக்கும். இயந்திரம் குழம்புகிற நிலங்கள் மட்டும் வித்யாவின் திரைக்கு வரும். அவள் பார்த்து மூன்றில் ஒன்றை அழுத்த வேண்டும்: பயிர் இருக்கிறது, கைவிடப்பட்டது, தெரியவில்லை. கைவிடப்பட்டது என்று அழுத்தினால் அந்த நிலத்துக்கு அந்த ஆண்டுப் பணம் நின்றுவிடும்.

"யாரோட பணம்?" என்று கேட்டேன்.

"நம்பர்தான் இருக்கும் அண்ணி. பேரு வராது."

பேரு வராது என்றதும் எனக்கு உள்ளே ஏதோ அசைந்தது. எழுதுகிறவர்களின் கெட்ட பழக்கம் அது. அன்று மாலையே முதல் வரியை எழுதினேன்:

டெலியோர்மானில் பொழுது விடிந்தபோது பனி

[விட்டுவிட்டேன். அங்கே பொழுது எப்படி விடியும் என்று எனக்குத் தெரியாது.]

வித்யாலட்சுமிக்கு மண்ணின் நிறம் சிறு வயதிலிருந்தே

[இதையும் விட்டேன். காரணம் நான்காம் பகுதியில் வரும்.]

2

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். டெலியோர்மான் ருமேனியாவின் தெற்கே இருக்கிறது. தென் எல்லையில் டான்யூப் ஆறு ஓடுகிறது. தாண்டினால் பல்கேரியா. மலை கிடையாது. பெயருக்குப் பித்துப் பிடித்த காடு என்று ஒரு பழைய பொருள் சொல்கிறார்கள். இன்று காட்டைவிடக் கோதுமையும் மக்காச்சோளமும் சூரியகாந்தியும்தான் அதிகம். பொதுவுடைமை ஆட்சி விழுந்த பிறகு, கூட்டுப்பண்ணை நிலங்களைப் பழைய குடும்பங்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். வாரிசுகளுக்குள் பிரிந்து பிரிந்து நிலம் கீற்றுக் கீற்றானது. பிறகு பெரிய கம்பெனிகள் வந்து, கீற்றுகளைக் குத்தகைக்கு எடுத்து மறுபடி ஒன்றாக்கின. வயதில் இளையவர்கள் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போனார்கள், பழம் பறிக்க, கட்டடம் கட்ட, அங்குள்ள முதியவர்களைக் குளிப்பாட்ட. ஆண்டுக்கு ஆண்டு மக்கள் குறைகிறார்கள்.

[என் கணவர் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு, "பரீட்சைக்கு வருமா?" என்றார். நியாயமான கேள்வி. இதில் ஆள் இல்லை. ஆனால் வித்யாவுக்கு டெலியோர்மான் இப்படித்தான் தெரிகிறது. மேலிருந்து, ஆள் இல்லாமல். நானும் அவளைப் போல மேலிருந்துதான் பார்க்கிறேன். அவளிடம் படமாவது இருக்கிறது.]

3

ஒரு கீற்றைப் பற்றி அவள் அடிக்கடி சொன்னாள். இரண்டு பக்கமும் கம்பெனியின் பெரிய வயல்கள். உழுதால் பழுப்பு, முளைத்தால் பச்சை, அறுத்தால் மஞ்சள் என்று அவை முறையாக நிறம் மாறும். நடுவில் ஒரு ஒல்லியான பட்டை மட்டும் கோடை முழுவதும் ஒரே மங்கல் பச்சையில் கிடக்கும். அறுப்பு கிடையாது, உழவு கிடையாது. போன பருவத்தில் அது திரைக்கு வந்தபோது யோசிக்காமல் 'கைவிடப்பட்டது' என்று அழுத்தியதாகச் சொன்னாள். அது மறுபடி வரும், விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள் என்றாள்.

அந்தப் பட்டையில் நான் ஒரு பெண்ணை நிறுத்தினேன். ரோடிகா. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவள். பருமனான கைகள். ஒரு பசு இருக்கிறது. நிலத்தில் குதிரை மசால் என்கிற தீவனப் பயிர் போட்டிருக்கிறாள். நீளக் காம்பு வைத்த அரிவாளால் தினமும் பசுவுக்கு வேண்டிய அளவு மட்டும் அறுக்கிறாள், ஒரு முனையிலிருந்து தொடங்கி. மறு முனைக்கு வந்து சேர்வதற்குள் தொடங்கிய இடத்தில் மறுபடி தழைத்துவிடும். ஆகவே அவள் நிலம் ஒருநாளும் முழுதாக அறுபட்டிருக்காது, ஒருநாளும் முழுதாக வளர்ந்துமிருக்காது. டிராக்டர் ஒரே நாளில் செய்வதை மேலேயிருந்து பார்க்க முடியும். ஒருத்தி கோடை முழுக்கச் செய்வதைப் பார்க்க முடியாது.

இதை எழுதி முடித்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. உண்மை என்பதால் வந்த மகிழ்ச்சி அல்ல, பொருந்தியதால் வந்தது. இந்த இரண்டையும் நான் பலமுறை குழப்பிக்கொண்டிருக்கிறேன்.

4

வித்யா படித்தாள். முதலில் சிரித்தாள்.

"எதுக்கு அண்ணி என்ன வெவசாயி பொண்ணாக்கி வெச்சிருக்கீங்க? எங்கப்பா ஷூ கம்பெனில சூப்பர்வைசர். உங்க மாமனாரு. மறந்துட்டீங்களா?"

"கதைக்காக."

"நானு மண்ண மோந்து பாத்து சொல்ற மாதிரில்லாம் எழுதாதீங்க. எனக்குத் தெரிஞ்சது லெதர் நாத்தம்தான்."

அந்த வரியை அடித்துவிட்டேன். அவளை மண்ணை அறிந்தவளாக ஆக்கினால் கதை எனக்குச் சுலபமாகியிருக்கும். அவள் பார்த்தவுடன் கண்டுபிடிப்பாள், நாமெல்லாம் தலை குனிவோம். ஆனால் அவளுக்குக் குதிரை மசால் என்றால் என்னவென்றே தெரியாது. நான் சொல்லித்தான் தெரியும். எனக்கு இணையம் சொல்லித்தான் தெரியும்.

பிறகு அவள் இரண்டாம் முறை படித்தாள். அப்போது சிரிக்கவில்லை.

"நெலத்த ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி விண்ணப்பம் போட்டவங்களுக்கு மெசேஜ் போகுமே அண்ணி. இந்தம்மா ஏன் அனுப்பல?"

"பட்டன் ஃபோன் வெச்சிருக்காங்க."

"ஓ" என்றாள். நான் அப்போதுதான் அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தேன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் "பாவம்" என்றாள்.

5

அடுத்து நடந்ததை நான் திட்டமிடவில்லை. வித்யாவின் கை தயங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு பட்டையிலும் யாரோ நிற்பதுபோல அவளுக்குத் தோன்றியது. 'தெரியவில்லை' என்று அழுத்திக்கொண்டே போனாள். அவளுடைய டீம் லீட் பரத் கூப்பிட்டார். நான் அங்கே இருக்கவில்லை. அவள் வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டியதை எழுதுகிறேன்.

"என்னம்மா வித்யா, எல்லாத்துக்கும் 'தெரியல' 'தெரியல'ன்னு போட்டுட்டிருக்கே? கண்ணு டெஸ்ட் பண்ணிக்கோ."

"இல்ல பரத், யாராச்சும் இருப்பாங்களோன்னு..."

"யாரு இருப்பாங்க? பத்து மீட்டருக்கு ஒரு பிக்ஸல். அதுல எரும நின்னாக்கூடத் தெரியாது."

"அதத்தான் சொல்றேன்."

"எத?"

"நின்னாக்கூடத் தெரியாதுங்கறத."

பரத் தலையில் கை வைத்துக்கொண்டாராம். அவர் கெட்டவர் அல்ல. பிறந்து வளர்ந்ததெல்லாம் இதே ஊரில், நீலசந்திராவில்; தமிழில் கன்னடம் கலந்துவிடும். மேலே இருப்பவர்களிடம் தன் ஆட்களுக்காகத் திட்டு வாங்குகிறவர். "நோடு, சும்னே ஃபீல் பண்ணிட்டு ஒக்காராதே. வெள்ளிக்கிழம க்ளையண்ட் ரிவ்யூ. அத வெச்சுத்தான் உன் கான்ட்ராக்ட். இனிமே 'தெரியல' போட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது. இருக்கு, இல்ல. ரெண்டே."

அன்று சாயங்காலம் வித்யா என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணி, அந்தம்மாவ இத்தாலிக்கு அனுப்பிடுங்க."

"ஏன்?"

"அவங்க போயிட்டாங்கன்னா நான் நிம்மதியா க்ளிக் பண்ணுவேன். இந்த வேல போச்சுன்னா ஆம்பூர்தான். அப்பா அவரு கம்பெனில எனக்கு இப்பவே சொல்லி வெச்சிருக்காரு."

"வித்யா, அது கதை. கதையில மட்டும்தான் அவ இருக்கா."

"கதைலதான் இருக்காங்கன்னு எனக்கும் தெரியும். ஸ்க்ரீன்ல வந்து நிக்கிறாங்களே, அதுக்கு என்ன பண்றது?"

6

அனுப்ப முயன்றேன்.

முதல் முயற்சி. ரோடிகா பேருந்து ஏறுகிறாள். வடக்கு இத்தாலியில் ஒரு நகரத்தில், பக்கவாதம் வந்த ஒரு ஆசிரியரைப் பார்த்துக்கொள்கிறாள். அவருக்கு முடி வாரிவிடும்போது அவளுக்குத் தன் கைகள் வேறு யாருடையவையோ போலத் தெரிகின்றன. நல்ல வரி என்று நினைத்தேன். போவதற்கு முன்னால் பசுவைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒப்படைக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி அரிவாளை எடுத்துக்கொண்டு

"அய்யோ அண்ணி! திரும்ப ஆள் வெச்சிட்டீங்க!"

இரண்டாவது. ரோடிகா கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிடுகிறாள். ஆனால் விட்டிருந்தால் கீற்றே இருக்காது. பக்கத்து வயலோடு சேர்ந்து நிறம் மாறியிருக்கும். படம் என் கதையை மறுத்தது.

மூன்றாவது, ரோடிகா இறந்துவிட்டாள், பிள்ளைகள் ஸ்பெயினில்

[எழுத முடியவில்லை. ஒருத்தியின் வேலை நிலைப்பதற்காக இன்னொருத்தியைக் கொல்வது, காகிதத்தில்கூட, கூசியது. தவிர வித்யா கேட்டாள்: "செத்துட்டாங்கன்னா விண்ணப்பம் போட்டது யாரு?"]

அந்தக் கேள்விக்குப் பிறகு அவளே சொன்னாள். "ஆள் இல்லாம பணம் மட்டும் வாங்கறவங்களும் இருக்காங்க அண்ணி. நெலத்த அப்படியே போட்டுட்டு, வருஷா வருஷம் விண்ணப்பம் மட்டும் போடுவாங்க. அவங்களப் புடிக்கத்தான் இந்த வேலையே. நானு ஒண்ணும் பாவம் பண்ணல."

இந்தப் பேச்சைக் கதையில் சேர்க்காமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். சேர்த்தால் என் ரோடிகா ஆட்டம் காண்கிறாள். யோசித்தேன் என்பதே எனக்குப் போதுமான எச்சரிக்கையாக இருந்தது. ஆகவே நான்காவது முயற்சி: ரோடிகா இத்தாலிக்குப் போய்விட்டாள். பசுவை விற்றுவிட்டாள். நிலத்தில் களை மண்டியிருக்கிறது. அவள் ஆண்டுக்கொரு முறை ஊருக்கு வரும்போது உறவினர்களைப் பார்க்கிறாள், கேக் சாப்பிடுகிறாள், விண்ணப்பத்தில் கையெழுத்திடுகிறாள். அதே பருமனான கைகள். கையெழுத்திடும்போது அவளுக்குக் குற்றவுணர்வு ஒன்றும் இல்லை. நிலம் என்னுடையதுதானே என்று நினைக்கிறாள்.

இதுவும் பொருந்தியது. முதல் ரோடிகா பொருந்திய அளவுக்கே பொருந்தியது. கோடை முழுவதும் மங்கல் பச்சை: களையும் அப்படித்தான் இருக்கும். நான் ஒருத்தியை நல்லவளாக எழுதியதால் அவள் அங்கே இருக்கிறாள் என்று ஆகிவிடாது. ஏமாற்றுக்காரியாக எழுதியதால் இல்லை என்றும் ஆகாது.

வித்யா இந்த வடிவத்தைப் படித்தாள். "இது நல்லாருக்கு அண்ணி" என்றாள். "ஆனா மொதல்ல எழுதினது மறக்க மாட்டேங்குது."

7

வியாழக்கிழமை அவள் வீட்டிலிருந்து வேலை பார்த்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டாள். அந்தக் கீற்று வந்திருந்தது.

நான் அதை அதுவரை பார்த்ததில்லை. என்ன எதிர்பார்த்தேனோ, அதைவிடச் சின்னதாக இருந்தது. சதுரம் சதுரமாகச் சில பச்சைக் கட்டங்கள், அவ்வளவுதான். வித்யா ஒரு படத்துக்குப் பிறகு அடுத்த படமாகத் தட்டிக்கொண்டே போனாள். மே, ஜூன், ஜூலை. பக்கத்து வயல்கள் மின்னி மின்னி மாறின. நடுவே கீற்று அப்படியே.

"கிட்டப் பாருங்க. இந்தக் கோடியில கொஞ்சம் வெளிறி இருக்கா? அடுத்த படத்துல வெளிறினது ஒரு கட்டம் தள்ளிப் போயிருக்கா?"

பார்த்தேன். மிக மெல்லிய வேறுபாடு. வெளிறல் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவாக நடந்துபோவது போல இருந்தது.

"தெரியுது" என்றேன்.

"எனக்கும் தெரியுது. அதான் பயமா இருக்கு."

"ஏன் பயம்? இதுதானே ஆதாரம்?"

"போன வருஷமும் இதே கீத்து வந்திச்சி அண்ணி. இதே மாதிரிதான் இருந்திருக்கும். அப்ப எனக்கு ஒண்ணும் தெரியல. மேகம் லேசா பட்டாலும் இப்படி வெளிறும். நெழல் விழுந்தாலும் வெளிறும். இப்ப நாம பாக்கறது நெலத்தையா, நீங்க எழுதினதையா?"

நான் மறுபடி திரையைப் பார்த்தேன். எழுதாமல் இருந்திருந்தால் என் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. எழுதாத கண் எனக்கு இனி இல்லை.

"பரத்கிட்ட சொல்லிப் பாரேன்."

"என்னன்னு சொல்றது? எங்க அண்ணி ஒரு கத எழுதினாங்க, அதனால இங்க ஒரு அம்மா அறுக்கறாங்கன்னா?"

இருவரும் சிரித்தோம். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. இரண்டு பொத்தான்கள் திரையில் இருந்தன. மூன்றாவதும் இருந்தது, ஆனால் அதைத் தொட்டால் பரத்தால் அவளைக் காப்பாற்ற முடியாது. 'இருக்கிறது' என்று அழுத்தி, நாளை பரிசீலனையில் அது களை என்று முடிவானால், தயக்கத்தோடு தவறும் சேர்ந்துகொள்ளும். 'கைவிடப்பட்டது' என்று அழுத்தினால் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். இயந்திரமும் அதையே ஊகித்திருந்தது.

"நீங்க வெளிய இருங்க அண்ணி" என்றாள். "நீங்க பக்கத்துல இருந்தா அவங்களும் இருக்காங்க."

8

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கதையின் முடிவு அந்த அறைக்குள் இருக்கிறது. அவள் எதை அழுத்தினாள் என்று நான் சொல்ல முடியும். எழுதுகிறவள் நான்தான், ஒரு வரி போதும். ஆனால் 'பயிர் இருக்கிறது' என்று எழுதினால் என் கற்பனை வென்றது என்று பெருமைப்பட்டுக்கொள்வேன். 'கைவிடப்பட்டது' என்று எழுதினால், உலகம் இப்படித்தான் என்று பெருமூச்சு விட்டு அதிலும் ஒரு அழகைப் பார்த்துக்கொள்வேன். இரண்டிலும் லாபம் எனக்கு. ஆம்பூருக்குப் போக வேண்டியிருந்தால் போவது நான் அல்ல. பணம் நின்றால் பசுவை விற்பதும் நான் அல்ல.

ஆகவே எழுதவில்லை.

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"அண்ணி, அந்தப் பசுவுக்குப் பேரு எதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"வெக்காதீங்க. நான் முடிக்கிற வரைக்கும் வெச்சிராதீங்க."

வைக்கவில்லை. ஆனால் நீங்கள் இதுவரை படித்துவிட்டீர்கள். உங்கள் மனதில் அதற்கு ஏதாவது பெயர் வந்திருந்தால் வித்யாவிடம் சொல்ல வேண்டாம். நாற்காலியை இழுத்துப் போட்டு நீங்கள் உட்காருங்கள். கீற்று உங்கள் திரையில் இருக்கிறது.